ஊழியர்களுக்கு மரபணுப் பரிசோதனை: நிறுவனத்துக்கு எதுவும் தெரியாதபடி நடத்துவது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஒரு அலுவலகத்தின் வரவேற்பு மேசையில் கூரியர்காரர் பத்துப் பன்னிரண்டு சின்னப் பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டுப் போனதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். உள்ளே எச்சில் சேகரிக்கும் குழாய். வெளியே லேபின் பெயர் கொட்டை எழுத்தில், அதற்குக் கீழே 'பரம்பரைப் புற்றுநோய்ப் பரிசோதனை' என்று, அதற்கும் கீழே ஊழியரின் முழுப் பெயர். வரவேற்பில் இருந்தவர் உதவி செய்வதாக நினைத்து ஒவ்வொரு பெயராகப் படித்து, போன் போட்டு, 'உங்க பார்சல் வந்திருக்கு, வந்து வாங்கிக்குங்க' என்று கூப்பிட்டார். மதியத்துக்குள் யார் யார் வீட்டில் புற்றுநோய் இருக்கலாம் என்று அந்த மாடி முழுக்கப் பேச்சு. அந்த நிறுவனம் லேபோடு போட்ட ஒப்பந்தத்தில் தனியுரிமைக்கென்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். பெட்டி எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை.

ஊழியர் உடல்நலத்துக்காக நிறுவனம் நடத்தும் வெல்னெஸ் திட்டத்தில் மரபணுப் பரிசோதனையையும் சேர்க்கலாமா என்று யோசிக்கும் எச்.ஆர். ஆட்களுக்காகவும், சின்ன நிறுவனம் நடத்துபவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். இந்தப் பரிசோதனைக்கு நான் எதிரி இல்லை. சரியாகச் செய்தால் சிலருடைய உயிரையே காப்பாற்றும். ஆனால் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன்: பணம் கட்டுவது நிறுவனம், தெரிந்துகொள்வது ஊழியர் மட்டும். முடிவு என்ன என்பதோடு, யார் எடுத்தார்கள், யார் எடுக்கவில்லை என்பதும் நிறுவனத்துக்குத் தெரியக் கூடாது. கீழே வரும் எல்லாப் படிகளும் இதை வைத்துத்தான்.

படி 1: எதற்காக என்று முதலில் எழுதி வையுங்கள்

பரிசோதனையை விற்கும் வெண்டரைக் கூப்பிடும் முன்னால் ஒரு தாளை எடுத்து, இதை ஏன் செய்கிறோம் என்று நாலு வரி எழுதுங்கள். 'மருத்துவச் செலவு குறையும்' என்று எழுத வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். வெல்னெஸ் திட்டங்களைப் பற்றி நடந்த நல்ல ஆய்வுகளே இதற்குக் கை கொடுக்கவில்லை. அமெரிக்காவில் பி.ஜே.ஸ் ஹோல்சேல் கிளப் என்ற விற்பனை நிறுவனத்தின் 160 கிளைகளில், சுமார் 33,000 ஊழியர்களை வைத்து நடந்த ஆய்வு 2019-இல் வெளியானது. குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த கிளைகளில் மட்டும் திட்டத்தை நடத்தி, மற்ற கிளைகளோடு ஒப்பிட்டார்கள். உடற்பயிற்சி செய்கிறேன், எடையைக் கவனிக்கிறேன் என்று சொன்னவர்கள் கூடினார்கள். ஆனால் ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், மருத்துவச் செலவு, விடுப்பு எதிலும் 18 மாதம் கழித்துப் பார்த்தால் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. இலினாய் பல்கலைக்கழகம் தன் ஊழியர்களில் கிட்டத்தட்ட 5,000 பேரை வைத்து நடத்திய ஆய்விலும் செலவு குறையவில்லை. இவை பொதுவான வெல்னெஸ் திட்டங்கள்தான், மரபணுவைத் தொட்டவை இல்லை. என்றாலும் மரபணுவில் இது இன்னும் கடினம், ஏனென்றால் கண்டுபிடிக்கப்படுபவர்கள் நூற்றுக்கு ஒருவர். அவருக்கு வராமல் தடுத்த நோய் இருபது வருஷம் கழித்து வந்திருக்கக்கூடியது. அதற்குள் அவர் வேறு எங்கோ வேலை பார்த்துக்கொண்டிருப்பார்.

அப்படியானால் நியாயமான காரணம் எது? சில பரம்பரை நோய்கள் தங்கள் குடும்பத்தில் ஓடுவதே தெரியாமல் பலர் இருக்கிறார்கள், முன்னாலேயே தெரிந்தால் செய்வதற்கு உருப்படியான காரியம் இருக்கிறது, அதைத் தெரிந்துகொள்ளும் வசதியைக் கொடுக்கிறோம். இவ்வளவுதான். இது போதும்.

இன்னொன்றையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். உங்கள் ஊழியர்களின் காப்பீட்டில் மாமோகிராம் (மார்பக எக்ஸ்ரே), கொலனோஸ்கோபி (பெருங்குடலுக்குள் குழாய்விட்டுப் பார்ப்பது), கொலஸ்ட்ரால் சோதனை எல்லாம் ஒழுங்காக அடங்குகிறதா? குடும்ப டாக்டரிடம் உட்கார்ந்து 'அம்மா வழியில் யாருக்கு என்ன வந்தது, அப்பா வழியில் யாருக்கு, எந்த வயதில்' என்று பேச அரை நாள் விடுப்பு கிடைக்கிறதா? இல்லையென்றால் முதலில் அதைச் செய்யுங்கள். பரிசோதனையில் ஆபத்து இருப்பதாகச் சொல்லிவிட்டு, அடுத்த ஸ்கேனுக்குப் பணம் இல்லாமல் ஒருவரை நிறுத்துவது கொடுமை.

படி 2: எந்தச் சோதனை, எது வேண்டவே வேண்டாம்

மரபணுப் பரிசோதனை என்ற ஒரே பெயரில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பல சரக்கு விற்பனைக்கு வருகிறது. வெண்டர் எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டித் தருவார். நீங்கள் பிரித்துப் பார்த்து எடுக்க வேண்டும்.

முதலில் எடுக்க வேண்டியவை மூன்று. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி., பொது சுகாதாரப் பயன் உறுதியாகத் தெரிந்தவை என்று முதல் அடுக்கில் வைத்திருக்கும் மூன்று பரம்பரைப் பிரச்சினைகள் இவை.

ஒன்று, பி.ஆர்.சி.ஏ. 1, பி.ஆர்.சி.ஏ. 2 மரபணுக்களில் வரும் மாற்றம். சுமார் 400 பேரில் ஒருவருக்கு இருக்கும். அஷ்கெனாசி (மத்திய, கிழக்கு ஐரோப்பிய) யூத வம்சாவளியினரில் 40 பேரில் ஒருவருக்கு. இந்த மாற்றம் உள்ள பெண்களில் பத்துக்கு ஏழு பேர் அளவில் 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வருகிறது. கருப்பைப் பக்கத்துச் சினைப்பைப் புற்றுநோயின் ஆபத்து பி.ஆர்.சி.ஏ. 1 உள்ளவர்களுக்கு 44 சதவீதம் வரை போகிறது, பி.ஆர்.சி.ஏ. 2 உள்ளவர்களுக்கு 17 சதவீதம். இது பெண்கள் சமாச்சாரம் என்று ஆண்கள் ஒதுங்கிவிடுவது பெரிய தவறு. அப்பாவிடமிருந்தும் மகளுக்கு அதே பாதிப் பாதி வாய்ப்பில் போகும். ஆண்களுக்கே புராஸ்டேட் புற்றுநோய், ஆண் மார்பகப் புற்றுநோய் ஆபத்தும் கூடும். உங்கள் அறிவிப்பில் இதைப் பளிச்சென்று எழுதுங்கள்.

இரண்டு, லிஞ்ச் சிண்ட்ரோம். ஏறக்குறைய 280 பேரில் ஒருவர். பெருங்குடல் புற்றுநோய், கருப்பைப் புற்றுநோய் இளம் வயதிலேயே வரக்கூடும். தெரிந்துவிட்டால் இருபதுகளிலேயே ஆரம்பித்து ஒன்றிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கொலனோஸ்கோபி செய்து, புற்றாக மாறும் முன்னாலேயே கட்டியை எடுத்துவிடலாம். மூன்று, பரம்பரை உயர் கொலஸ்ட்ரால். 250 பேரில் ஒருவர். சிகிச்சை இல்லாவிட்டால் இந்த ஆண்களில் பாதிப் பேருக்கு 50 வயதுக்குள் இதயப் பிரச்சினை வருகிறது. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை சாதாரணமாகக் கிடைக்கும் பொருள். இவ்வளவு சுலபமாகத் தடுக்கக்கூடியதைத் தெரியாமலே விட்டுவிடுகிறோமே என்பதுதான் எனக்கு இதில் பெரிய ஆதங்கம்.

இதோடு மருந்துக்கும் மரபணுவுக்கும் உள்ள பொருத்தத்தைப் பார்க்கும் சோதனையைச் சேர்க்கலாம். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் குளோபிடோக்ரெல், சி.ஒய்.பி. 2சி19 என்ற மரபணு சரியாக வேலை செய்யாதவர்களுக்குச் சரியாகப் பலன் தராது, அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2010-இலேயே அந்த மருந்தின் அட்டையில் பெட்டி கட்டி எச்சரிக்கை போட வைத்தது. கோடீன் என்ற வலி மருந்து சிலருடைய உடலில் அதிவேகமாக மார்ஃபினாக மாறி ஆபத்தாகிவிடும். பயமுறுத்தாத, கையில் வைத்திருந்தால் என்றாவது உதவும் தகவல் இது. ஆனால் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுத் தானே மாத்திரையை நிறுத்துபவர்கள் உண்டு; டாக்டரைக் கேட்காமல் எதையும் மாற்றாதீர்கள் என்று ரிப்போர்ட்டின் முதல் வரியிலேயே இருக்க வேண்டும்.

வேண்டாதவை: மூளையைச் சிறிது சிறிதாகச் சிதைக்கும் ஹண்டிங்டன் நோய், அல்சைமர் (மறதி நோய்) ஆபத்தைச் சொல்லும் ஏ.பி.ஓ.இ. மரபணு போன்றவை. தெரிந்தால் செய்ய மருத்துவத்தில் பெரிதாக ஒன்றும் இல்லாத செய்தியை அலுவலகச் சலுகையாக ஒருவர் தலையில் இறக்கக் கூடாது. அப்படித் தெரிந்துகொள்ள விரும்புபவருக்கு மருத்துவமனையும் நீண்ட ஆலோசனையும் இருக்கின்றன, அங்கே போகட்டும். அப்புறம் 'உங்கள் மரபணுவுக்கு ஏற்ற டயட்', 'உங்கள் மரபணுவுக்கு ஏற்ற ஜிம் பயிற்சி', 'தலைமைப் பண்பு மரபணு' என்று வரும் பட்டியல். கிட்டத்தட்ட எதற்குமே உருப்படியான ஆதாரம் கிடையாது. தலைமைப் பண்பு என்ற வார்த்தையைச் சொல்லும் வெண்டரை அதோடு அனுப்பிவிடுங்கள்.

சோதனையின் ஆழத்தையும் கேளுங்கள். எச்சில் கிட்டை மக்களுக்கு நேரடியாக விற்கும் 23அண்ட்மீ நிறுவனத்தின் பி.ஆர்.சி.ஏ. சோதனைக்கு எஃப்.டி.ஏ. 2018-இல் அனுமதி கொடுத்தபோது, அது பார்த்தது மூன்றே மூன்று மாற்றங்களை, அதுவும் அஷ்கெனாசி யூதர்களிடம் அதிகம் காணப்படுபவற்றை. ஆபத்தான பி.ஆர்.சி.ஏ. மாற்றங்கள் ஆயிரத்துக்கு மேல் தெரியும். அந்தச் சோதனையில் 'இல்லை' என்று வந்தால் மற்ற வம்சாவளியினருக்கு அதற்குப் பெரிய அர்த்தம் கிடையாது, ஆனால் 'எனக்கு இல்லையாம்' என்று நிம்மதியாகி மாமோகிராமை விட்டுவிடுவார்கள். ஆகவே மரபணு முழுவதையும் வரிசையாகப் படிக்கும் சோதனை, மருத்துவத் தரச் சான்று பெற்ற லேப் (அமெரிக்காவில் கிளியா சான்று, பிற நாடுகளில் பெரும்பாலும் ஐ.எஸ்.ஓ. 15189), இரண்டும் கட்டாயம். நேரடியாக விற்கும் கிட்டுகளின் கச்சா டேட்டாவில் இருந்த மாற்றங்களை மருத்துவ லேப் ஒன்று மறுபடி சோதித்துப் பார்த்தபோது 40 சதவீதம் தப்பு என்று வந்ததாக 2018-இல் ஓர் ஆய்வு வெளியானது. 49 பேர் மாதிரிதான், சின்ன ஆய்வு. ஆனாலும் 'இருக்கிறது' என்று வரும் எந்த முடிவையும் இரண்டாவது மாதிரி எடுத்து உறுதி செய்யாமல் யாரும் அறுவை சிகிச்சைக்குப் போகக் கூடாது.

படி 3: சட்டம்

இங்கே ஒரு வக்கீல் வேண்டும், அதைத் தவிர்க்க முடியாது. ஆனால் வக்கீலிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போனால் வேலை சுலபம்.

இந்தச் சட்டங்கள் ஏன் வந்தன என்று முதலில் பாருங்கள். அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் வேலைக்கு எடுக்கும்போது வாங்கிய ரத்தத்தையும் சிறுநீரையும் வைத்து, ஆட்களைக் கேட்காமலே சிபிலிஸ், கர்ப்பம், கறுப்பின ஊழியர்களுக்கு அரிவாள் செல் மரபு (பரம்பரை ரத்த அணுக் குறைபாடு) என்று சோதித்ததாக வழக்கு வந்து, 1998-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஊழியர்கள் பக்கம் நின்று வழக்கை நடக்கவிட்டது. பர்லிங்டன் நார்தர்ன் சாண்டா ஃபே ரயில் நிறுவனம், மணிக்கட்டு நரம்பு வலி என்று இழப்பீடு கேட்ட தொழிலாளர்களின் ரத்தத்தைச் சொல்லாமல் மரபணுச் சோதனைக்கு அனுப்பியது. 2002-இல் 22 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் ஆனது. அந்த வலி தண்டவாளத்தில் வேலை பார்த்து வந்ததா, பிறப்பிலேயே இருந்ததா என்று பார்க்கத்தான் அந்தச் சோதனை. இதை உங்கள் ஊழியர்களும் எங்கேயாவது படித்திருப்பார்கள். தயங்கினால் அதற்கு நியாயம் இருக்கிறது.

2008-இல் அமெரிக்காவில் 'ஜினா' என்ற மரபணுப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் வந்தது. 15 பேருக்கு மேல் (15 பேரையும் சேர்த்து) வேலை செய்யும் இடங்களுக்குப் பொருந்தும். நிறுவனம் ஊழியரின் மரபணுத் தகவலைக் கேட்கக் கூடாது, வாங்கக் கூடாது. தானாக முன்வந்து சேரும் வெல்னெஸ் திட்டத்துக்கு மட்டும் விலக்கு. அதற்கும் முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் வேண்டும், தனி ஆள் முடிவு அவருக்கும் அவரைக் கவனிக்கும் மருத்துவ ஆட்களுக்கும் மட்டுமே போக வேண்டும், நிறுவனத்துக்கு ஆள் அடையாளம் தெரியாத மொத்தக் கணக்கு மட்டும். பலர் தவறவிடும் ஓர் இடம்: 'உங்கள் அம்மா அப்பாவுக்குச் சர்க்கரை உண்டா' என்ற குடும்ப நோய் வரலாறும் இந்தச் சட்டத்தில் மரபணுத் தகவல்தான். ஃபேப்ரிகட் என்ற நிறுவனம் வேலைக்கு எடுக்கும்போது இதைக் கேட்டதற்காக 2013-இல் 50,000 டாலர் கொடுத்தது. நோயோடு சம்பந்தமே இல்லாத சோதனையும் இதில் மாட்டும். ஒரு கிடங்கில் மலம் கழித்துவிட்டுப் போனது யார் என்று கண்டுபிடிக்க இரண்டு தொழிலாளர்களின் கன்னத்து உள்தோலை எடுத்து டி.என்.ஏ. பார்த்தார்கள், இருவருமே இல்லை என்று வந்தது, 2015-இல் ஜூரி 22 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்கச் சொன்னது.

மற்ற நாடுகளில் இன்னும் கடுமை. ஜெர்மனியில் 2010-இல் அமலுக்கு வந்த சட்டப்படி முதலாளி மரபணுப் பரிசோதனை கேட்கவும் கூடாது, ஏற்கனவே எடுத்ததன் முடிவை வாங்கவும் கூடாது. கனடாவின் 2017 சட்டத்தில் ஒப்பந்தத்துக்கு நிபந்தனையாகப் பரிசோதனை கேட்டால் சிறைத் தண்டனை வரைக்கும் போகும். ஐரோப்பிய ஒன்றியத்தின் தகவல் பாதுகாப்புச் சட்டமான ஜி.டி.பி.ஆர். மரபணு டேட்டாவைத் தனிப்பட்ட பாதுகாப்பு வேண்டிய வகையில் வைத்திருக்கிறது; அதோடு, முதலாளி கேட்டு ஊழியர் கொடுக்கும் சம்மதம் உண்மையில் சுதந்திரமான சம்மதமா என்ற சந்தேகமும் அங்கே எப்போதும் உண்டு. எனவே பல நாடுகளில் ஆட்கள் இருக்கும் நிறுவனம் என்றால், எங்கே கடுமை அதிகமோ அந்த விதியை எல்லாருக்கும் வையுங்கள்.

கடைசியாக, சட்டம் எங்கே கைவிடுகிறது என்பதைக் கேட்டு வாங்குங்கள். ஜினா மருத்துவக் காப்பீட்டையும் வேலையையும் காக்கும். ஆயுள் காப்பீடு, ஊனக் காப்பீடு, முதுமைக் காலப் பராமரிப்புக் காப்பீடு மூன்றையும் காக்காது. (ஃபுளோரிடா மாநிலம் மட்டும் 2020-இல் இந்த மூன்றுக்கும் சேர்த்துத் தடை போட்டது.) பிரிட்டனில் காப்பீட்டு நிறுவனங்களோடு அரசு செய்துகொண்ட உடன்பாட்டின்படி, 5 லட்சம் பவுண்டுக்கு மேற்பட்ட ஆயுள் காப்பீட்டில் ஏற்கனவே எடுத்த ஹண்டிங்டன் சோதனையின் முடிவை மட்டும் கேட்கலாம். உங்கள் நாட்டில் நிலைமை என்னவோ, அதை ஊழியர் எச்சில் துப்பும் முன்னால் அவரிடம் சொல்ல வேண்டும். ஆயுள் காப்பீடு எடுக்க நினைத்தால் முதலில் அதை எடுத்துவிட்டு அப்புறம் சோதனைக்கு வரலாம் என்று நேராகவே எழுதுங்கள். எழுதத் தயங்கினால், அவருக்குத் தெரிய வேண்டியதை மறைக்கிறீர்கள் என்று அர்த்தம்.

படி 4: பரிசு கிடையாது, புள்ளி கிடையாது

பிரீமியத்தில் தள்ளுபடி, கிஃப்ட் கார்டு, வெல்னெஸ் ஆப்பில் 500 புள்ளி எதுவும் வேண்டாம். அமெரிக்கச் சட்டத்தில் மரபணுத் தகவலுக்குப் பரிசு கொடுப்பதே தடை. சட்டம் அனுமதிக்கும் இடத்திலும் வேண்டாம். தள்ளுபடி என்று ஒன்று வந்துவிட்டால், எடுக்காதவர் அதிகம் கட்டுகிறார், அதாவது மறுத்ததற்கு அபராதம். சம்பளம் குறைந்தவருக்கு அந்தத் தொகை பெரிது, அவரால்தான் மறுக்க முடியாது. அது மட்டுமில்லை, புள்ளி வந்தால் புள்ளிப் பட்டியல் வரும், பட்டியல் வந்தால் யார் எடுத்தார் என்று தெரிந்துவிடும். சோதனை இலவசம் என்பதே போதுமான சலுகை.

'உங்கள் டீமில் 80 சதவீதம் பேர் சேர்ந்தாயிற்று' என்ற மாதிரி மெயில்களும் இதே கணக்குத்தான். எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதை யாருக்கும் இலக்காக வைக்காதீர்கள், வெண்டருக்கும் சேர்த்துத்தான்.

படி 5: வெண்டர் ஒப்பந்தம்

23அண்ட்மீக்கு நடந்ததை ஒப்பந்த மேசையில் எல்லாருக்கும் நினைவுபடுத்துங்கள். 2023-இல் திருடர்கள், வேறு எங்கோ கசிந்த பாஸ்வேர்டுகளை வைத்து சுமார் 14,000 கணக்குகளுக்குள் நுழைந்தார்கள். உறவினரைத் தேடிக் கொடுக்கும் வசதி வழியாக அங்கிருந்து 69 லட்சம் பேரின் தகவல் போனது. 2025 மார்ச்சில் அதே நிறுவனம் திவால் மனு போட்டது. ஒன்றரைக் கோடி பேரின் மரபணுத் தகவல் ஏலத்துக்கு வரும் சொத்துகளில் ஒன்றாக நின்றது. உங்கள் தகவலை அழித்துவிடுங்கள் என்று மாநில அட்டர்னி ஜெனரல்கள் மக்களுக்குச் சொல்லவேண்டி வந்தது. கடைசியில் அதன் நிறுவனர்களில் ஒருவர் நடத்தும் லாப நோக்கமற்ற அமைப்பு வாங்கியது. வேறு யாராவது வாங்கியிருந்தால்?

எனவே ஒப்பந்தத்தில் இவையெல்லாம் வார்த்தையாக இருக்க வேண்டும்: நிறுவனம் விற்கப்பட்டாலோ மூடப்பட்டாலோ டேட்டா என்ன ஆகும், எச்சில் மாதிரியை எத்தனை நாளில் அழிப்பார்கள், ஊழியர் தானே ஒரு பட்டனை அழுத்தி எல்லாவற்றையும் அழிக்க முடியுமா, மருந்து கம்பெனிகளுக்கு ஆராய்ச்சிக்கென்று கொடுப்பார்களா, கொடுப்பதானால் அதற்குத் தனியாகச் சம்மதம் கேட்பார்களா, சோதனைச் சம்மதத்துக்குள்ளேயே புதைத்து வைத்திருக்கிறார்களா, போலீஸ் கேட்டால் கோர்ட் உத்தரவு இல்லாமல் கொடுப்பார்களா. 'பெயரை எடுத்துவிட்டுத்தான் கொடுப்போம்' என்ற பதிலோடு திருப்தி அடையாதீர்கள். பெயர் எடுத்த மரபணு டேட்டாவிலிருந்து, வம்சாவளி இணையதளங்களில் உள்ள குடும்பப் பெயர்களை ஒப்பிட்டே ஆளைக் கண்டுபிடிக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் 2013-இலேயே செய்து காட்டிவிட்டார்கள்.

அப்புறம் சில்லறை விஷயங்கள், ஆனால் ரகசியம் கசிவது பெரும்பாலும் இங்கேதான். கிட் வீட்டு முகவரிக்கு, எதுவும் அச்சிடாத பெட்டியில் போக வேண்டும். தொடர்புக்கு ஊழியரின் சொந்த மெயில், சொந்த போன். மீட்டிங்கில் திரையைப் பகிர்ந்திருக்கும்போது மூலையில் 'உங்கள் புற்றுநோய் ஆபத்து முடிவு தயார்' என்று துள்ளி வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். எல்லா ஊழியருக்கும் ஒரே நுழைவுக் குறியீடு, ஆளுக்கு ஒன்று இல்லை. மாதா மாதம் வரும் பில்லில் எண்ணிக்கை மட்டும் இருக்க வேண்டும். பெயர் வாரியாக இணைப்பு வந்தால் கணக்குப் பிரிவில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். வெல்னெஸ் ஆப்போடு இந்தச் சோதனையை இணைக்கவே வேண்டாம்.

படி 6: 'மொத்தக் கணக்கு' என்ற ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடுங்கள்

சட்டம் அனுமதித்தாலும் நான் வேண்டாம் என்று சொல்வது இதைத்தான். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்களிடம் 300 பேர். அதில் 100 பேர் சோதனை எடுக்கிறார்கள். மேலே சொன்ன மூன்று பிரச்சினைகளையும் கூட்டினால் (250-க்கு ஒன்று, 280-க்கு ஒன்று, 400-க்கு ஒன்று) ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவர். ஆக வருஷக் கடைசியில் வெண்டர் அனுப்பும் அழகான ரிப்போர்ட்டில், 'ஆபத்து கண்டறியப்பட்டவர்: 1' என்று இருக்கும். பெயர் இல்லை, சரிதான். ஆனால் அந்த மாதம் திடீரென்று மூன்று நாள் விடுப்பு எடுத்து எம்.ஆர்.ஐ. போய் வந்தவர் யார் என்று எச்.ஆரில் எல்லாருக்கும் தெரியும். பெயரைத் தனியாக எழுதவே வேண்டியதில்லை.

3,000 பேர் இருந்தாலும், பிரிவு வாரியாக, வயது வாரியாக, ஆண் பெண் என்று பிரித்தால் இதே கதைதான். அதனால் நிறுவனம் வாங்க வேண்டியது வருஷத்துக்கு ஒரே ஓர் எண்: எத்தனை கிட் அனுப்பினோம். அதுவும் 50-க்குக் கீழே இருந்தால் '50-க்குக் கீழ்' என்று மட்டும். முடிவுகளைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம். 'அப்படியானால் திட்டம் பலன் தருகிறதா என்று எப்படித் தெரியும்' என்று நிதிப் பிரிவு கேட்கும். தெரியாது என்பதுதான் பதில். படி 1-இல் எழுதிய தாளை எடுத்துக் காட்டுங்கள். பலன் ஊழியருக்கு என்று அங்கேயே எழுதியாயிற்று.

நிறுவனமே மருத்துவச் செலவை ஏற்று நடத்தும் காப்பீடு என்றால் இன்னொரு ஓட்டை இருக்கிறது: பின்னால் வரும் ஸ்கேன், அறுவை சிகிச்சைக் கிளெய்ம்களைப் பார்த்தே சோதனை முடிவை ஊகித்துவிடலாம். கிளெய்ம் விவரத்தைப் பார்ப்பவர், பதவி உயர்வையும் வேலைநீக்கத்தையும் முடிவு செய்யும் அறைக்குள் இருக்கக் கூடாது.

படி 7: அறிவிப்பும் சம்மதமும்

அறிவிப்பு மேனேஜர் வழியாகப் போகக் கூடாது. மேனேஜர் 'ஃபில் பண்ணிட்டீங்களா' என்று நடைபாதையில் ஒரு வார்த்தை கேட்டாலே அது கட்டாயமாகிவிடுகிறது. பொதுவான ஒரு மெயில், ஒரே தடவை, நினைவூட்டல் இல்லாமல். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

'விரும்பினால் நீங்கள் ஒரு மரபணுப் பரிசோதனையை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். எடுப்பதும் எடுக்காததும் எங்களுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் வைக்கவில்லை. இதில் வரும் செய்தி உங்களை மட்டும் இல்லாமல் உங்கள் அண்ணன், தங்கை, பிள்ளைகளையும் பற்றியது. அதனால் முதலில் ஆலோசகரிடம் பேசுங்கள், பேசிவிட்டு வேண்டாம் என்று விட்டுவிடலாம். ஆயுள் காப்பீடு எடுக்கும் எண்ணம் இருந்தால் இணைப்பில் உள்ள இரண்டாம் பக்கத்தை முதலில் படியுங்கள்.'

கிட் அனுப்பும் முன்னால் பயிற்சி பெற்ற மரபணு ஆலோசகரோடு அரை மணி நேரப் பேச்சு, வீடியோவிலோ போனிலோ, தாய்மொழியில். இதைச் செலவு என்று வெட்டும் வெண்டரோடு ஒப்பந்தம் போடாதீர்கள். சம்மதப் படிவம் இரண்டு பக்கத்துக்கு மேல் போனால் யாரும் படிக்க மாட்டார்கள், ஆராய்ச்சிக்கான சம்மதம் தனித் தாளில், கட்டத்தில் முன்கூட்டியே டிக் போடாமல். சம்மதித்த பிறகும், லேப் ரிப்போர்ட் தயாரான பிறகும்கூட 'எனக்கு முடிவு வேண்டாம்' என்று சொல்லும் உரிமை இருக்க வேண்டும்.

படி 8: முடிவு வந்த அன்று

ரிப்போர்ட் பி.டி.எஃப். ஆக ராத்திரி பதினோரு மணிக்கு மெயிலில் விழுவது எவ்வளவு மோசம் என்று வாங்கியவர்களுக்குத்தான் தெரியும். ஆபத்து இருப்பதாக வந்தால் ஆலோசகர் முதலில் போன் செய்ய வேண்டும், அப்புறம்தான் தாள். வாரக்கடைசிக்கு முந்தின சாயங்காலம் வேண்டாம். இரண்டு நாள் எந்த டாக்டரையும் பிடிக்க முடியாமல் தவிப்பார்கள்.

மூன்று விதமான முடிவு வரும். 'இருக்கிறது' என்பவர்களை உறுதிப்படுத்தும் சோதனைக்கும் நிபுணரிடமும் அனுப்பும் வழியை வெண்டர் கையில் வைத்திருக்க வேண்டும், 'உங்கள் டாக்டரைப் பாருங்கள்' என்ற ஒரு வரி போதாது. 'இல்லை' என்பவர்களுக்கு ஒரே செய்தி: மார்பகப் புற்றுநோய்களில் பெரும்பாலானவை பரம்பரையாக வருவதில்லை, அதனால் வழக்கமான பரிசோதனைகளை விட்டுவிடாதீர்கள்.

மூன்றாவதுதான் குழப்பம்: மாற்றம் இருக்கிறது, ஆனால் கெடுதலா இல்லையா என்று இன்றைக்குச் சொல்ல முடியவில்லை. வி.யு.எஸ். என்பார்கள். ஆராய்ச்சி டேட்டாவில் ஐரோப்பிய வம்சாவளியினரே அதிகம் என்பதால் மற்றவர்களுக்கு இந்தப் பதில் கூடுதலாக வருகிறது. நாளடைவில் இவற்றில் பெரும்பாலானவை ஒன்றும் இல்லை என்றுதான் முடிகின்றன. இதை வைத்து எந்த மருத்துவ முடிவும் எடுக்கக் கூடாது என்பதையும், வகைப்பாடு மாறினால் லேப் பிறகு தெரிவிக்கும் என்பதையும் முதல் பேச்சிலேயே சொல்லியிருந்தால் பாதிப் பதற்றம் குறையும். அந்த 'பிறகு தெரிவிக்கும்' என்பதை ஒப்பந்தத்திலும் எழுதுங்கள், ஊழியர் உங்கள் நிறுவனத்தை விட்டுப் போன பிறகும் அது செல்லும்படி.

ஒருவருக்கு இருப்பது தெரிந்தால், கூடப் பிறந்தவருக்கும் பிள்ளைக்கும் ஐம்பது சதவீத வாய்ப்பு. அந்தக் குடும்பத்தினருக்கும் சோதனையை இலவசமாகக் கொடுக்கும் வெண்டர்கள் இருக்கிறார்கள், கேட்டு வாங்குங்கள். திட்டம் முழுவதிலும் அதிகப் பலன் தரும் இடம் இதுதான் என்பது என் எண்ணம்.

படி 9: ஒருவர் தானாக வந்து சொன்னால்

இவ்வளவு கவனமாகக் கட்டினாலும் ஒரு நாள் யாராவது உங்கள் மேசைக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, 'எனக்கு பி.ஆர்.சி.ஏ. வந்திருக்கு, அடுத்த மாசம் ஆபரேஷன்' என்று சொல்வார். தானாக வந்து காதில் விழுந்ததைக் கேட்டது சட்ட மீறல் ஆகாது. அதற்கு மேல் தோண்டினால்தான் பிரச்சினை. எனவே 'அம்மாவுக்கும் இருந்ததா', 'தங்கச்சி டெஸ்ட் பண்ணிட்டாங்களா' என்று கேட்காதீர்கள், அக்கறையில் வாய்வரை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். 'எத்தனை நாள் லீவு வேணும், வேலையை யார்கிட்ட மாத்தி விடலாம்' என்று கேளுங்கள். ஆலோசகரின் எண்ணை மறுபடி கொடுங்கள். லீவு படிவத்தில் காரணம் என்ற இடத்தில் 'மருத்துவம்' என்று மட்டும் எழுதுங்கள். அவருடைய மேனேஜர் வந்து என்ன விஷயம் என்று கேட்டால், லீவு அனுமதிச்சாச்சு, திரும்பி வரும் தேதி இது என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.